பிறநூல் பயிறல் தகுமோ?

சைவ நன்மக்களுள் ஒருவர், தம் முன்னோர் ஈட்டிவைத்த ஏட்டுச் சுவடிகள் அடங்கிய பெட்டி ஒன்றனைத் திறந்து காட்டி, எம்மை ஒரு வினா வினாவினார். அப்பெட்டியுள் தேவாரத் திருமுறையிற் சில பகுதிகள் இருந்தன. சிவஞான சித்தியார் சுபக்கம் உரையோடு இருந்தது. அவற்றோடு ஒரு நிகண்டும், குழந்தைப் பிணிகட்கு மருந்து கூறும் வாகடமும், சோதிட நூலொன்றும், நொண்டி நாடகமும், முதலும் முடிவும் சிதைந்த சீவக சிந்தாமணி இலம்பகங்கள் இரண்டும் ஒருங்கே கிடந்தன. ஒரு கயிற்றாற் கட்டுண்ட சுவடி ஒன்றில், வாகடம் முடிந்த ஏட்டிற்கு அடுத்த ஏட்டிலேயே திருவாசகம் தொடங்கியிருப்பவும் கண்டேம். அவ்வன்பர் கூறியது இது: 'சிவநூல்களை யான் போற்றிக் காப்பேன். ஏனையவற்றையும் காத்தல் என் கடனாமோ? அவற்றை ஓதவும் புகுவேனாயின் என் நெறிக்கு இழுக்கு உண்டாகாதோ? தங்கள் கருத்தைத் தெரிவித்தருளல் வேண்டும்.'

இவ்வினாவைச் சிறிதென்று கொள்ளற்க. பழுதுற்ற ஏடுகளையும் பயனில என்று கருதிய ஏடுகளையும் பதினெட்டாம்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் முன்னாளில் நம் நாட்டில் இருந்தது. அவ்வாறு நீரோடு சென்ற நூல்கள் எத்துணை என்று யாரே அறிவார்! ஒருவர் தம் இல்லத்துள் இருந்து 'இது வேண்டும், இது வேண்டா' என்று கொள்ளும் துணிபால், பின்வருவார் அனைவர்க்கும் ஒரு நூல் இல்லையாய் ஒழிதலும் கூடும். ஆதலின் அன்பர்க்கு யாம் கூறிய விடையை, அதற்குமுன் எம்முள்ளத்து நிகழ்ந்த ஆராய்ச்சியோடு, ஈண்டு எழுதுகின்றேம்.

'பிறநூல் பயிலற்க' என்பார் கூற்று எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. இலக்கணக்கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகர் திருவாவடுதுறை ஆதீனத்துப் பெரும்புலவர். அவர், திருக்கோவையார் போலும் அருள்நூல் இருப்பவும், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, சங்கப்பாட்டு முதலியவற்றிலே நாட்போக்குவாரை அந்நூலிற்றானே இடித்துரைத்தார். அது கல்லாதார் கூற்றன்று. இலக்கணக் கடலைக் கரைகண்டார் ஒருவர் கூற்று. பெறுதற்கரிய மானிடப் பிறவியின் நாள்களை எதன்கண் செலவிடுதல் வேண்டும் என்பதே அவர் உட்கொண்ட வினா என்று யாம் கருதுகின்றேம். அவ்வினா இன்றும் பழமைப்பட்டிலது.

அன்றியும், இக்கூற்றிற்குச் சித்தாந்தத்திலேயே வலிய அரண் ஒன்று உண்டு. உயிர் சதசத்து, சத்தோடு கூடியவழிச் சத்தாயும், அசத்தோடு கூடியவழி அசத்தாயும் நிற்பது. சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. நூல் என்பதும் ஒரு சார்பே. நாடோறும் ஒரு நூலை ஓதுவான் உள்ளம் அந்நூலின் நிறத்தை ஏற்றலை எவரும் அநுபவத்தால் அறிவர். அற்றேல், காமச்சுவையை விரித்துரைக்கும் காப்பியத்தையும், வினைப்பயனை ஊட்டுதற்கு இறைவன் ஒருவன் வேண்டா என்னும் சமணர் கோட்பாட்டையும் பயில்வான், அவற்றின் வண்ணமாகாது ஒழிதல் யாங்ஙனம்?

இதற்கு நம்மவருட் பலர் கூறும் விடை, 'மறுத்தற்பொருட்டுக் கற்கலாம்' என்பது. அருணந்தி சிவாசாரியர் சித்தியார் பரபக்கத்தில் உலோகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாக 14 மதங்களை எடுத்தோதி மறுத்தலை இவர் சான்று காட்டுவர். அஃது உண்மையே, ஆயினும் அவ்விடை இவ்வினாவிற்கு முற்றும் பொருந்துவதன்று. என்னை? குழந்தைப் பிணிக்கு மருந்து கூறும் வாகடத்தில் மறுத்தற்கு யாதுளது? நிகண்டில் யாதுளது? இனிப் பரபக்கத்தை நோக்கினும், ஆசிரியர் ஒவ்வொரு மதத்தையும் முதற்கண் அம்மதத்தார் கூற்றாகவே நிறுத்திப் பின்னரே மறுக்கின்றார். அங்ஙனம் நிறுத்துதல் நுனிப்புல் மேய்ந்தார்க்கு இயலாது. உயிரின் அறிவு அழுந்தி அறியும் இயல்பினது என்பது நம் துணிபு. 'அழுந்தாமற் கற்று மறுப்பேம்' என்பார், தாம் கல்லாத நூலை மறுப்பாரே ஆவர்.

ஆகவே, அழுந்தினாலன்றி அறிதல் இல்லை. அழுந்தியவழிச் சார்பின் நிறம் ஏறாமல் இராது. இவ்விரு தலையினும் இடர்ப்பட்ட எமக்கு வழிகாட்டியது, நம் நூல்களில் வழங்கும் பளிங்குவமையே. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறம்போலக் காட்டும். செம்பட்டின்மேல் வைத்த பளிங்கு அதனினின்றும் ஒருநாளும் எடுக்கப்படாதாயின், கண்டார் அதனைச் செம்மணி என்றே கொள்வர். அப்பளிங்கிற்கு அறிவு உண்டெனின், அதுதானும் 'யான் செம்மணி' என்றே தருக்கும். நீலத்தின் அருகும் பொன்னின் அருகும் மாற்றி வைத்தவழியன்றோ, அந்நிறம் வந்து ஏறியது என்பதும், தான் பளிங்கு என்பதும் புலனாம்?

ஒருவகை நூலையே பயின்றான் நிலையும் இத்தகையதே. அவன் அந்நூலின் நிறத்தைத் தன் அறிவென்றும், தன் அறிவையே மெய்யென்றும் மயங்குவன். காப்பியத்துட் புக்குக் காப்பியமாகி, தருக்கத்துட் புக்குத் தருக்கமாகி, பிறர் சமய நூலுட் புக்கு அவர் கண்ணால் ஒருகாற் பார்த்து மீண்டவனோ, எதனைச் சாரினும் அதுவாகும் இயல்பினன் தான் என்பதைத் தன்னிடத்திலேயே காண்பன். பல்வகை நூற்பயிற்சியின் மெய்ப்பயன் செய்திகள் பலவற்றைச் சேர்த்து வைத்தலன்று. இதனைக் காண்டலே என்க. தான் சார்ந்ததன் வண்ணமாதலை அறிந்தவனே, எதனைச் சார்தல் தக்கது என்று நாடத் தொடங்குவன். அறியாதவன் பிறப்பாலும் வழக்கத்தாலும் சிவநூலைச் சார்ந்திருப்பினும், அச்சார்பு அவன் தேர்ந்து கொண்டதாகாது.

இஃது உரையளவில் நில்லாது நிகழ்ந்த வரலாறும் ஒன்றுண்டு. சுவாமிநாத தேசிகர் விளங்கிய அதே ஆதீனத்தைச் சார்ந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் (1815–1876) பாடங்கேட்டவர் உ. வே. சாமிநாதையர். 1880-ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலே, அவ்வூர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயர் கற்ற நூல்கள் யாவை என்று வினாவினார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று தாம் கற்றவற்றை வகைவகையாக எண்ணிக் கூறினார். முதலியார் வியந்திலர்; அவற்றினும் பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்று கேட்டுச் சீவக சிந்தாமணியைக் குறித்தார். எண்ணிறந்த நூல்களைக் கற்ற ஒருவர்க்கு, தாம் கற்றன பலவேனும் அவை பெரும்பாலும் ஒரு வண்ணத்தின் விகற்பங்களே என்பது அன்று புலனாயிற்று என்று யாம் கொள்கின்றேம்.

பின்னர் ஐயர் செய்தது கருதத்தக்கது. கும்பகோணத்துச் சைனர் இல்லத்திற்குச் சென்று, அவர் மரபிற்குரிய சொற்களையும் கோட்பாடுகளையும் அவர் வாயிலாகவே கேட்டறிந்தார். அக்காலத்து ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் இதனைத் தடுத்திலர். பிரதி தேடுதற்கு உதவியும் புரிந்தனர். 1887-இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. 1889-இற் பத்துப்பாட்டும், 1892-இற் சிலப்பதிகாரமும், 1894-இற் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்தன. இவற்றைச் சுவாமிநாத தேசிகர் கடிந்த நூல்களின் பெயரோடு ஒத்து நோக்குக. ஓராதீனத்துப் புலவர் கடிந்தவற்றையே அவ்வாதீனத்தின் நிழலில் வளர்ந்த மற்றொருவர் உலகிற்கு அளித்தனர். சங்க நூல்களின் ஏடுகள் அம்மடத்துச் சுவடிகளிடையேயும் இருந்தன. பயிறலை ஒருவர் கடிந்தாராயினும், காத்தலை அம்மரபு கைவிட்டதில்லை. சமணப் பெருங்காப்பியத்துள் அழுந்திய ஐயர் சிவநூலை மறந்தாரோ எனின், 1906-இல் திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணத்தை ஆராய்ந்து வெளியிட்டவரும் அவரே.

அற்றேல், கண்ட நூலெல்லாம் கற்றுத் திரிதலே நன்றாமோ எனின், அன்று. நிறம் மாறி மாறி ஏற்பதையே தொழிலாகக் கொண்ட பளிங்கு தன்னை அறியப்போவதில்லை. அறிவித்தற்கு ஞாயிற்றின் ஒளி வேண்டும். அவ்வொளி முன் நிற்கும் ஓர் இடமும் வேண்டும். பரபக்கம் பாடிய அருணந்தியார் பரபக்கத்தோடு நின்றிலர், சுபக்கத்திற்கு மீண்டனர். சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்தனர். தொல்காப்பியப் பாயிரத்திற்கும் முதற்சூத்திரத்திற்கும் விருத்தி வகுத்தனர். காஞ்சிப் புராணம் பாடினர். இவை அனைத்தினும் புக்கு உரம்பெற்ற அறிவே மாபாடியத்தில் வந்து அமைந்தது. மீளும் இடம் உடையார்க்கே செலவு பயன்படும். அவ்விடம் இன்னும் உறுதிப்படாத இளையார்க்கு, முதற்கண் ஆசிரியர்பால் தந்நூலை முறையாகக் கேட்டலே தக்கது. சுவாமிநாத தேசிகர் கடிந்துரை இத்தகையார்க்கு என்றும் மருந்தாகும்.

இன்னும் ஒன்று கூறி அமைவேம். வேதம், சாத்திரம், புராணம், கலை என்றிவற்றால் வரும் அறிவு அனைத்தையும் பாசஞானத்துள் அடக்குகின்றது சித்தியார். சிவநூலாயினும், சொல்லளவில் நிற்குமேல் அது பாசஞானமே. ஆகவே நம் சுவடிகளைக் கையிற் பற்றிக்கொண்டு பிறர் சுவடிகளை இகழ்வதனால் பதிஞானம் அணுகுவதில்லை. ஆகமங்கள் அனைத்தும் கற்றுச் சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தியார், திருவெண்ணெய்நல்லூரில் இளங்குழவியாகிய மெய்கண்டாரை நோக்கி, ஆணவ மலத்தின் வடிவு யாது என்று வினாவினர் என்பது வரலாறு. அதற்கு விடையாக நூற்பொருள் எதுவும் கூறப்பட்டிலது. வினாவி நின்ற அவரையே நோக்கினர் மெய்கண்டார். அந்நோக்கின் பொருள் அக்கணமே அருணந்தியார்க்கு விளங்கிற்று. கற்றன அவரைத் தருக்குவித்தன எனினும், அந்நோக்கை உணரும் கூர்மையும் கற்றார்க்கன்றி வேறெவர்க்கு வாய்க்கும்!

அன்பர்க்கு யாம் கூறிய விடை இதுவே: 'அனைத்தையும் காத்தல் நும் கடன், அழிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. ஓதுதற்கு முதற்கண் சித்தியாரைக் கொள்க, அதன் பொருள் நெஞ்சில் ஊன்றியபின் சிந்தாமணியையும் விரிக்க, விரித்தால் மறுத்தற்கு விரையாது, அதனுள் அழுந்திக் கற்க, கற்றபின் மீள்க.' வாகடமும் திருவாசகமும் ஒன்றாய்க் கிடந்த சுவடியை வேறு வேறாகப் பிரித்தல் வேண்டுமோ என்று அவர் மீட்டும் வினாவினார். வேண்டா என்றேம். எழுத்தை நோக்க, இரண்டனையும் எழுதிய கை ஒன்றே. மகவின் பிணிக்கு மருந்து தேடியவரும், இறைவன் புகழை ஓதியவரும் ஒருவரே என்று தோன்றிற்று. அவர் ஒருங்கு கட்டியதை அவிழ்த்தற்கு யாம் யார்? அன்பர் அச்சுவடியைத் துடைத்து, எண்ணெய் பூசி, அப்பழங் கயிற்றைக் களைந்து புதுக்கயிறு இட்டு, முன்போலவே கட்டி வைத்தனர்.