இளையோர்க்கு இளையோர் துணையாமாறு

பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவனொருவன் முதன்முதற் பீடியையோ சிகரெட்டையோ யார் கையினின்றும் பெறுகின்றானென்று ஆராயின், அஃது அயலான் கையாதல் அரிது. அவன் மதித்துப் பின்பற்றும் மூத்த மாணாக்கன் கையோ உடன்பயில்வான் கையோ ஆதலே பெரும்பான்மை. தந்தை அறிவுறுத்தியிருப்பர், ஆசிரியர் கண்டித்திருப்பர், புகையிலைப் பொதியின்மேல் நோயுற்ற வாயின் படமும் அச்சிடப்பட்டிருக்கும். இவையெல்லாம் அறிந்த சிறுவனே தோழன் நீட்டியபொழுது மறுத்திலன். அவன்பால் உள்ளது அறிவின்மையன்று. மறுப்பின் தோழமை போய்விடுமென்னும் அச்சம். அவ்வச்சத்தை நீக்குதற்குரியார் யாவரென்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது சித்தாந்தத் துணிபு. அரசன்மகன் வேடரிடை வளர்ந்து தன்னையும் வேடனென்றே கருதினமை, சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்து உவமையாக விளக்கப்படுவது சைவர் அறிந்ததே. பள்ளிப்பருவத்திற் பெற்றோரினும் ஆசிரியரினும் நெருங்கிய சார்பாவார் ஒத்த பருவத்தினரும், தம்மின் ஓரிரண்டாண்டு மூத்தாருமே. ஆகலின், நஞ்சு சென்ற வழியே மருந்தும் செல்லல் வேண்டும்.

அற்றேல், தானே முதிராதவன் பிறனை எங்ஙனம் நடத்துவான்? நீந்தமாட்டாதான் வெள்ளத்து வீழ்ந்தானைக் கரையேற்றுவனோ எனின், ஆசிரியனாதல் வேறு, துணையாதல் வேறென்று விடுக்க. ஆற்றினை நடந்து கடப்பான் ஒருவன், ஓரடி முன்சென்று, "இங்கே குழியுண்டு, இப்புறம் வா" என்றற்கு நீச்சல் வல்லவனாதல் வேண்டுவதின்று. குழியில் அவன் கால் இப்பொழுதுதான் பட்டதென்பதே அவன் சொல்லுக்கு வலிமை. நெடுநாள் முன்னரே அக்கரை சேர்ந்தவர் அங்கு நின்று கூவுஞ் சொல், நீரொலியிற் பாதி கேளாதொழியும்.

இம்முறை புதிதுமன்று. திண்ணைப்பள்ளியிற் சட்டாம்பிள்ளை இளையாரை மணலில் எழுதுவித்தான். 1789-ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூர் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியிற் சிறுவர் மணலில் எழுதுதலைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். துணையாசிரியர் உடன்படாராக, ஏறத்தாழ எட்டு வயதினனாகிய மாணாக்கனொருவனையே இளையார்க்குக் கற்பிக்க வைத்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் இம்முறை 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்றுப் பரவிற்று. ஆயினும் எண்ணும் எழுத்தும் கற்பித்தற்கு உதவியது ஒழுக்கங் காத்தற்கு அவ்வளவு உதவிற்றென்று கோடல் அரிது. சட்டாம்பிள்ளை கையிற் பிரம்பு இருந்தது. குற்றத்தை ஆசிரியர்க்கு அறிவிப்பவனும் அவனே. தின்பண்டங் கைக்கூலியாகப் பெற்று மறைப்பவனும் அவனே. இலண்டனில் இலங்காஸ்தர் நடத்திய இத்தகைய பள்ளியிலோ, குற்றஞ்செய்த சிறுவரைக் கூடையிலிட்டு மேலே தொங்கவிடும் தண்டமும் இருந்தது. அதிகாரம் புகுந்தவிடத்துத் தோழமை புறப்பட்டுவிடும். ஒற்றனிடம் எவன் தன் மனத்தைத் திறப்பான்?

இக்காலத்து இதனை வேறுவகையாற் செய்து பார்த்தனர். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளிற் செய்த ஆராய்ச்சியொன்றன் முடிபு 2008-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதினர் தாம் யார் சொற்கு மதிப்பளிப்பரென்று தாமே குறித்த உடன்மாணாக்கர்க்குப் பயிற்சியளித்து, பத்துவாரம் விளையாட்டிடத்தும் வழிநடையிலும் இயல்பான பேச்சினூடே புகையாமையைப் பேசுமாறு விடுத்தனர். மேடையுமில்லை, பிரம்புமில்லை. இரண்டாண்டுக் காலத்தை நோக்கியவழி, அப்பள்ளிகளிற் புகைப்பழக்கத்துட்படும் வாய்ப்புவிகிதம் ஏறத்தாழ 22 விழுக்காடு குறைந்திருந்தது. பெரிய வெற்றியென்று ஆரவாரித்தற்குரிய அளவன்று, தள்ளத்தக்கதுமன்று. ஆசிரியரின் அன்புக்குரிய நன்மாணாக்கனைத் தேடாது, சிறுவர் நெஞ்சிற்கு உரியவனைத் தேடினமையே ஈண்டு நோக்கத்தக்கது. அவன் சிலபோது குறும்பனாகவும் இருப்பான்.

இங்குத்தான் அறத்தின் முடிச்சு விழுகின்றது. அக்குறும்பன் தானே மறைவிற் புகைப்பவனாயின் என் செய்வது? புகையேன் என்று பொய்கூறி அறிவுரை சொல்வானேல், இளையோன் பொய்யினையும் உடன் கற்பான். "யானும் விடமாட்டாது இடர்ப்படுகின்றேன், நீ தொடங்காதே" என்பானேல், குற்றமுடையான் சொல்லாயினும் அது மெய்ச்சொல்லேயாம். அத்தகையானை விலக்காது, அவன் விடுதற்கும் துணைசெய்தலே முறை.

மற்றொன்று, மறைபொருளைப் பற்றியது. இளையோன் நம்பிக் கூறியதைத் தோழன் வெளியிடல் நட்புக்கு இழுக்கு. ஆயினும் ஒருவனால் துன்புறுத்தப்படுகின்றானென்றோ, உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணினானென்றோ அறிந்தவிடத்து, பதினாறு வயதினன் அதனைத் தானே சுமந்து அமைதியாயிருத்தல் நட்பாகாது. அதனைப் பெரியோர்க்கு உரைப்பேனென்று முதலிலேயே இளையோனுக்குச் சொல்லிவைத்தல் வேண்டும். அங்ஙனம் உரைத்தற்குரிய பெரியவர் ஒருவர் எப்பொழுதும் இருத்தலும் வேண்டும். அவர் இன்றி மாணாக்கரைத் துணையாக விடுத்தல், தம் கடனைப் பிள்ளைகள் தலையிற் சுமத்துதலேயாம்.

பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு விற்றலையும், கல்விச்சாலைக்கு நூறு கஜத்துள் விற்றலையும் 2003-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் விலக்கியுள்ளது. அங்ஙனமாகவும், வீட்டிலிருந்து ஏவப்பட்டுத் தந்தைக்குச் சிகரெட் வாங்கக் கடைக்கு நடக்கும் சிறுவன் உளன். அவனோடு வழிநடையில் உடன்செல்லும் மூத்த மாணாக்கன் மகனிடத்து எவ்வளவும் பேசலாம்; அத்தந்தையிடத்துப் பேசும் உரிமை அவனுக்கில்லை.