தெரிந்தவன் கொடுக்க வேண்டிய விலை

கடந்த ஆண்டு ஒரு பிஸ்கட் டின்னை 20 வெள்ளிக்கு வாங்கினேன். பழைய கொங் குவான் டின். உள்ளே 31 தமிழ் காமிக்ஸ் புத்தகங்கள். பெரும்பாலும் முத்து காமிக்ஸ், கொஞ்சம் லயன், அடியில் இரண்டு ராணி காமிக்ஸ். கொடுத்தவர் கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போவதற்காகச் சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தார். புத்தகங்கள் இறந்துபோன அவருடைய கணவருடையவை.

“பேப்பர் லாமா லோரி வர்றதுக்குள்ள ஒனக்கு வேணுங்கிறத எடுத்துக்க தம்பி. நீதான் இந்தப் பொம்மப் புஸ்தகத்த எல்லாம் தேடிக்கிட்டுத் திரிவியே” என்றார்.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். “ஒனக்கு இஷ்டப்பட்டதக் குடு.” நான் நீட்டிய 20 வெள்ளித் தாளைப் பார்த்துவிட்டு, “இது ஜாஸ்தியாச்சே” என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டார்.

அது ஜாஸ்தி இல்லை என்று டின்னைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மொத்தமாக 900 வெள்ளிக்குக் குறையாது என்று மனம் அங்கேயே கணக்குப் போட்டுவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. பேரம் பேசவில்லை. அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கொடுத்தேன். இருந்தும் டின்னை மோட்டாரில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும்போது, யாராவது கூப்பிட்டு நிறுத்திவிடுவார்களோ என்பதுபோல் ஒரு அவசரம். நேர்மையாக வாங்கியவனுக்கு ஏன் அந்த அவசரம்? அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962 முதல் ‘வேலியன்ட்’ வார இதழில் வந்த ‘ஸ்டீல் க்ளா’ தொடர்தான் அப்படித் தமிழுக்கு வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. எல்லாமே மலிவான தாள், கைக்கு அடக்கமான அளவு, பொடிசுகள் பஸ்ஸில் படித்துவிட்டு அடுத்தவனுக்குக் கொடுக்கிற புத்தகங்கள். நூறு கை மாறின, கிழிந்தன, கடலை மடிக்கப் போயின. எல்லோரும் படித்ததால்தான் இன்று கிடைக்காமல் போயின. மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்பு கண்டுவிட்டன; கதை வேண்டுமென்றால் புதிதாகவே வாங்கிப் படிக்கலாம். ஆகவே பழைய இதழுக்கு நாங்கள் கொடுக்கும் விலை கதைக்கு இல்லை. அழியாமல் மிஞ்சிய அந்தத் தாளுக்கு.

மிஞ்சியது எவ்வளவு மிஞ்சியது என்று அளப்பதைத்தான் தரம் பிரித்தல் என்கிறோம். அமெரிக்காவில் இது ஒரு பெரிய தொழில். ஓவர்ஸ்ட்ரீட் விலை வழிகாட்டி 1970 முதல் வருகிறது. 2000-இல் தொடங்கிய சி.ஜி.சி. என்ற நிறுவனம் காமிக்ஸைப் பரிசோதித்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்பிவிடும். பழுது பார்த்து ஒட்டிய புத்தகம் என்றால் ஊதா நிறச் சீட்டு. பெட்டியை உடைத்தால் மதிப்பெண் போய்விடும். எனவே யாரும் திறந்து படிப்பதில்லை. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938-இல் 10 சென்ட். அதில் 9.0 மதிப்பெண் பெற்ற ஒரு பிரதி 2014-இல் 32 லட்சம் டாலருக்குப் போனது.

தமிழ் காமிக்ஸ் சேகரிக்கிற எங்களுக்கு அப்படி ஒரு நிறுவனம் இல்லை. கண்தான் கருவி. முதுகு வளைந்திருக்கிறதா, கம்பி துருவேறியிருக்கிறதா, பக்கம் காணவில்லையா, அட்டையில் யாராவது பேர் எழுதியிருக்கிறார்களா. மலை மேல் இன்னொன்றும் உண்டு: ஈரம். பனி இறங்கும் ஊரில் துணியே பூஞ்சை பிடிக்கும், பழைய தாள் எம்மாத்திரம். பழுப்புப் புள்ளி விழுந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவோம். பாட்டியின் டின்னில் ஈரம் ஏறவில்லை. ஆனால் எல்லாப் புத்தகத்திலும் உள்ளட்டையில் நீலப் பேனாவில் அவர் கணவரின் பெயரும் டிவிஷன் எண்ணும் இருந்தன. எங்கள் கணக்கில் அது ஒரு குறை.

தரம் பிரிப்பது எனக்குப் புதிதல்ல. தேயிலை ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். காய்ந்த தேயிலை அடுக்கடுக்கான சல்லடையில் விழும். பெரிய துண்டு ஒரு பெயர், அதைவிடச் சின்னது இன்னொரு பெயர், கடைசியில் விழுவது டஸ்ட். ப்ரோக்கன் ஆரஞ்சு பெக்கோ என்று நீளமாகப் பெயர் வைத்தாலும் அது முதலில் சொல்வது துண்டின் அளவைத்தான். குடித்தால் எப்படி இருக்கும் என்பதை அல்ல. தோட்டத்து வீடுகளில் கொதிப்பது டஸ்ட்தான். அதன் கடுப்பு வேறு எதிலும் வராது என்று என் அம்மா இன்றும் சொல்வார். காமிக்ஸின் மதிப்பெண்ணும் அப்படித்தான். தாள் எப்படி இருக்கிறது என்று சொல்லும், அதைப் படித்தவனுக்கு என்ன நடந்தது என்று சொல்லாது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சல்லடைக்குத் தேயிலை வாங்கும் எண்ணம் கிடையாது. சி.ஜி.சி.யும் தான் மதிப்பெண் போடும் புத்தகத்தை வாங்குவதில்லை. பாட்டியின் வாசலில் நின்ற எனக்கோ இரண்டு வேலை: தரம் பார்ப்பவனும் நான், வாங்குபவனும் நான். தரம் பார்ப்பவன் கண்டுபிடித்ததை வாங்குபவனிடம் மட்டும் சொன்னான். விற்பவரிடம் சொல்லவில்லை. என் அவசரத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சேகரிப்பாளர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். நானே பலமுறை சொன்ன பதில்கள்தான். முதலாவது: அறிவும் ஓர் உழைப்பு. எந்த இதழ் அரிது, எது மறுபதிப்பு என்று கற்றுக்கொள்ள எனக்கு ஏழு வருடம் ஆனது. கூலி வேண்டாமா? இரண்டாவது: நான் எடுக்காவிட்டால் லோரிக்குப் போயிருக்கும், அங்கே கிலோ கணக்கு. 1977-இல் அமெரிக்காவின் கொலராடோவில் எட்கர் சர்ச் என்பவரின் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தபோது, சக் ரோசான்ஸ்கி என்ற கடைக்காரர் 18,000-க்கும் மேற்பட்ட காமிக்ஸை மிகக் குறைந்த விலைக்கு வாங்கினார். உலகின் மிகச் சிறந்த நிலையில் உள்ள பழைய காமிக்ஸ் பலவும் அந்தக் குவியலில் இருந்து வந்தவை. அவர் வராவிட்டால் அவை குப்பைக்குப் போயிருக்கும் என்பதுதான் அந்தக் கதையில் எப்போதும் சொல்லப்படுவது. மூன்றாவது: சட்டத்தில் இடமிருக்கிறது. 1815-இல் போர் முடிந்த செய்தியை முன்கூட்டியே அறிந்த ஒரு வியாபாரி நியூ ஓர்லியன்ஸில் புகையிலையை வாங்கிப் போட்டார். செய்தி பரவியதும் விலை ஏறியது. வழக்கு 1817-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தனக்குத் தெரிந்ததைச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு இல்லை என்றே தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கருதினார்.

மூன்றுமே அரை உண்மைகள். உழைப்புக்குக் கூலி வேண்டும், சரி. ஆனால் கூலியைக் கேட்டு வாங்க வேண்டும்; கொடுப்பவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் கூலி இல்லை. லோரியிலிருந்து காப்பாற்றியதும் சரி. ஆனால் புத்தகத்தைக் காப்பாற்ற டின்னை வாங்கினால் போதும், வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. சட்டமோ எதைத் தண்டிக்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்கு மேல் ஒருவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் வேலை இல்லை.

இந்தக் கேள்வி பழையது. கி.மு. 44-இல் சிசரோ ‘கடமைகள்’ பற்றிய தன் நூலில் ஒரு தானிய வியாபாரியை நிறுத்துகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து தானியத்தோடு ஒருவன் முதலில் வந்து சேர்கிறான். பின்னாலேயே வேறு கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற ஸ்டோயிக் தத்துவவாதி தேவையில்லை என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபாட்டர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம். அவர் சொல்லும் காரணம் எனக்கு முக்கியமாகப் பட்டது: பேசாமல் இருப்பது எல்லாம் மறைப்பது ஆகாது. அடுத்தவருக்குத் தெரிந்தால் பயன்படும் ஒன்றை, உன் லாபத்துக்காக அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று நீ விரும்பும்போது அது மறைப்பு ஆகிறது. பாட்டியின் வாசலில் நான் விரும்பியது அதைத்தான்.

வாங்குபவனைப் பற்றி இன்னும் நேராகப் பேசியவர் தாமஸ் அக்வினாஸ். தன் கையில் இருப்பது தங்கம் என்று தெரியாமல் ஒருவர் பித்தளை விலைக்கு விற்கிறார். வாங்குபவனுக்குத் தெரியும் என்றால் அவன் அநியாயமாக வாங்குகிறான், திருப்பிக் கொடுக்கக் கடன்பட்டவன் என்கிறார். அவருக்கு எட்டு நூற்றாண்டு முன்னால் அகஸ்டின் எழுதிய ஒரு சின்னச் சம்பவம் எங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. அகஸ்டினுக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு ஏட்டுப் புத்தகம் விலைக்கு வருகிறது. விற்பவருக்கு அதன் மதிப்பு தெரியவில்லை, சொற்பமாகக் கேட்கிறார். வாங்குபவர் எதிர்பாராத அளவுக்கு அதிகமான, அந்தப் புத்தகத்துக்குரிய விலையைக் கொடுக்கிறார்.

நம் பக்கமும் வெறும் கை இல்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைச் சொல்லும்போது, பழிக்கு அஞ்சி உண்மை பேசுவதையும், வாங்கும்போது மிகையாக எடுத்துக்கொள்ளாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. விற்பவன் ஏமாற்றுவான் என்றுதான் நாம் எல்லோரும் எச்சரிக்கப்படுகிறோம். வாங்குபவனாலும் ஏமாற்ற முடியும் என்பதை அந்தப் புலவர் கவனித்திருக்கிறார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தங்கத்துக்குச் சந்தை விலை இருக்கிறது. முத்து காமிக்ஸுக்கு என்ன இருக்கிறது? எங்களைப் போன்ற கொஞ்சம் பேர் ஒரு வாட்சப் குழுவில் ஆசைப்பட்டு ஏற்றிவைத்த விலை. நாளைக்கு நாங்கள் வேறு எதிலாவது ஆசைப்பட்டால் அது பழைய பேப்பர்தான். இல்லாத ஒன்றை எப்படித் திருப்பிக் கொடுப்பது? உண்மைதான். சரியான விலை என்று ஒன்றை என்னால் காட்ட முடியாது. ஆனால் விலை நிச்சயமில்லை என்பதற்காக, விலையை நான் ஒருவனே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆகாது. நிச்சயமில்லாதபோதுதான் இரண்டு பேரும் பேச வேண்டும். நான் பாட்டிக்குக் கடன்பட்டது 880 வெள்ளி அல்ல, ஒரு வாக்கியம்: “பாட்டி, இதுக்கு ஆசைப்பட்டு நெறைய காசு குடுக்கிற ஆளுங்க இருக்காங்க.” அதைச் சொன்ன பிறகும் அவர் 20 வெள்ளிக்கே கொடுத்திருந்தால், அது அவர் எனக்குத் தந்த பரிசு. சொல்லாமல் வாங்கியபோது பரிசு கொடுக்கும் வாய்ப்பைக்கூட அவரிடமிருந்து எடுத்துவிட்டேன்.

இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுக்க மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். அன்று பாட்டி பார்த்ததும் அவ்வளவுதான்: 20 வெள்ளியை நீட்டிய ஒரு கை.

நான்கு மாதம் கழித்துத்தான் ஈப்போவுக்குப் போனேன். உடனே போனேன் என்று எழுத ஆசைதான். முன்னறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார், நம்பவில்லை. போனில் இரண்டு மூன்று விற்பனைப் படங்களைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. புத்தகங்களைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது பணமாகத் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசி, 450 என்று முடிவானது. பாதி என்பது நியாயமா என்று இப்போதும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் தெரிந்து பேசிய பாதி. ஒரு புத்தகத்தை மட்டும் திரும்பக் கேட்டார், எதுவானாலும் பரவாயில்லை, அவர் கையெழுத்து இருந்தால் போதும் என்று. நாங்கள் மதிப்பெண் குறைக்கும் அதே நீலப் பேனாக் கையெழுத்து.

அதோடு நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். செருப்பு போடும்போது கேட்டார்:

“அப்ப முந்தின வருசம் ஒரு பையன் வந்து ஒரு கட்டு எடுத்துட்டுப் போனானே தம்பி, அஞ்சு வெள்ளி குடுத்து. அவனுக்கும் இதெல்லாம் தெரியுமா?”

யார் என்று அவருக்குப் பெயர் ஞாபகமில்லை. “நல்ல பையன். டீ குடிச்சிட்டுத்தான் போனான்” என்றார். தெரிந்திருக்காது பாட்டி என்று சொல்லலாம் என்று நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் அவர் மனசு ஆறியிருக்கும். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நான் இன்னொரு முறை முடிவு செய்வதாக ஆகியிருக்கும்.

“தெரிஞ்சிருக்கும் பாட்டி” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட் வரை வந்து நின்றார். எங்கள் குழுவில் மொத்தம் 46 பேர். இறங்கி வரும்போது ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.