விடைத்த காதுக்கு ஆபரேஷன் செய்யலாமா? – ஜும்ஆ உரை





இன்று ஒரு மஸ்அலாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் காது இரண்டும் விடைத்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் “யானைக் காது” என்று கேலி. பிள்ளை பள்ளிக்கூடம் போகவே மறுக்கிறது. டாக்டரிடம் கேட்டால் ஆபரேஷனில் சரியாக்கலாம் என்கிறார். வீட்டில் உள்ள பெரியவரோ, அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஹராம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். வாப்பாவும் உம்மாவும் நடுவில் நின்று தவிக்கிறார்கள்.

பெரியவர் ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. சூரத்துந் நிஸாவின் 119ஆம் வசனத்தில் ஷைத்தான் போட்ட சபதத்தை அல்லாஹ் நமக்குச் சொல்லிக் காட்டுகிறான். கால்நடைகளின் காதுகளை மனிதர்கள் அறுக்கும்படிச் செய்வேன், அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி ஏவுவேன் என்ற கருத்தில் அவன் சபதமிட்டான். கவனித்தீர்களா, அங்கேயும் காதுதான் வருகிறது! ஆனால் அது என்ன காது? அறியாமைக் காலத்து அரபிகள் சில ஒட்டகங்களின் காதைக் கிழித்து, இது தெய்வங்களுக்கு நேர்ந்துவிட்டது என்று அடையாளம் வைத்தார்கள். ‘பஹீரா’ என்று அதற்குப் பெயர். சூரத்துல் மாயிதாவில் அல்லாஹ் அதை மறுக்கிறான். அந்த மூடநம்பிக்கையும் ஒரு பிள்ளைக்குச் செய்யும் வைத்தியமும் ஒன்றல்ல.

ஆனாலும் விஷயம் இத்துடன் முடியவில்லை. பச்சை குத்துபவர்களையும், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குபவர்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அறிவிப்பவர் இப்னு மஸ்ஊத் (ரலி). அவர் பெயரை ஞாபகத்தில் வையுங்கள், மறுபடி அவரிடம் வருவோம். ஆக, அழகு என்ற பெயரில் எதையும் செய்யலாம் என்பவரும் மார்க்கத்தைச் சரியாகச் சொல்லவில்லை.

அப்படியானால் எல்லை எங்கே? அர்ஃபஜா (ரலி) என்ற ஸஹாபிக்கு, இஸ்லாத்துக்கு முன் நடந்த குலாப் போரில் மூக்கு போய்விட்டது. வெள்ளியில் மூக்கு செய்து வைத்தார். அது நாற்றமடித்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் செய்துகொள்ளச் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது இருக்கிறது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம், அப்படியிருந்தும் அனுமதித்தார்கள். முகத்தில் ஒரு குறையோடு மக்கள் மத்தியில் நடமாடுவது எவ்வளவு பாரம் என்பது மார்க்கத்துக்குத் தெரியும்.

நம் காலத்தில், 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி அழகு அறுவை சிகிச்சை பற்றித் தீர்மானம் எடுத்தது. பிறவியிலேயே பிளந்த உதடு, மிகவும் கோணலான மூக்கு, கூடுதலான விரல் போன்றவை உடலுக்கோ மனதுக்கோ கடுமையான பாதிப்பைத் தந்தால் சரிசெய்யலாம். இயல்பாக இருக்கும் தோற்றத்தை மன இச்சைக்காகவும் பிறரைப் போல ஆவதற்காகவும் மாற்றக் கூடாது. இதுதான் அதன் சாரம்.

இனி காதை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். விடைத்த காதால் கேட்கும் சக்தி குறைவதில்லை. ஆபரேஷன் செய்தாலும் கூடப்போவதில்லை. காது மடலில் உள்ள ஒரு மடிப்பு சரியாக விழாததாலோ, உள் குழி ஆழமாக இருப்பதாலோ காது வெளியே தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். அதாவது, உடலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. உள்ள பாதிப்பெல்லாம் மனதில்தான். மனதில் அதை உண்டாக்கியது யார்? காதா?

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்குக் கெண்டைக்கால்கள் மிகவும் மெலிந்தவை. மிஸ்வாக் குச்சிக்காக மரம் ஏறினார்கள், காற்றில் ஆடை விலகியது, பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தக் கால்கள் மீஸானில் உஹுத் மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். சிரிப்பு அங்கேயே நின்றது. நம் ஊரில் என்ன நடக்கிறது? சாச்சாவும் மாமாவும் வீட்டிலேயே காதைப் பிடித்து இழுத்துப் பட்டப்பெயர் வைக்கிறார்கள். மக்தபில் சில உஸ்தாதுமார்களே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுத்ததைச் செய்துவிட்டு, அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் ‘படைப்பை மாற்றாதே’ என்று ஃபத்வா கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எனவே பெற்றோர் முதலில் வகுப்பு ஆசிரியரையும் உஸ்தாதையும் சொந்தக்காரர்களையும் பார்த்துப் பேசட்டும். அதற்குப் பிறகும் பிள்ளை ஒடுங்கிப்போனால், காது பார்த்ததும் தெரியும் அளவுக்கு வித்தியாசமாக இருந்தால், பிள்ளையே வேண்டும் என்று கேட்டால், செய்யலாம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பிள்ளை கேட்காமல், உம்மாவின் ஆசைக்காகச் செய்யாதீர்கள். அதுபோல, காது கொஞ்சம் தூக்கலாக இருப்பதைக் கல்யாண ஃபோட்டோவுக்காக ஒட்டவைக்க நினைப்பதும், மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள் என்று பெண்ணின் காதில் கத்தி வைப்பதும் இந்த அனுமதிக்குள் வராது.

போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள். காது ஐந்தாறு வயதுக்குள் ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடும், அதனால் அதற்கு முன் பொதுவாகச் செய்வதில்லை. காதின் பின்பக்கம் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தைப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு முழு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இரத்தக்கட்டு, கிருமித் தொற்று, இரண்டு காதும் ஒன்றுபோல அமையாமல் போவது, தையல் விட்டு மறுபடி விடைப்பது எல்லாம் நடக்கக்கூடியவை. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் தழும்பு கட்டியாகத் தடித்துவிடும் ‘கெலாய்டு’ அதிகம். குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையாக இருந்தால் கத்தியே தேவைப்படாமல் போகலாம். அப்போது குருத்தெலும்பு மென்மையாக இருப்பதால் அச்சு வைத்து ஒட்டியே பல காதுகளைச் சரிசெய்கிறார்கள். இது தெரியாமல் அந்த நாட்களைத் தவறவிடும் பெற்றோர்தான் அதிகம்.

ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் ஒரு வாரம் தலையைச் சுற்றிக் கட்டு இருக்கும். அதற்காகத் தொழுகையை விட வேண்டியதில்லை. உளூவில் காதுக்கு மஸ்ஹு செய்வது ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் சுன்னத்துதான். விட்டாலும் உளூ கூடும். தலையில் கட்டுக்கு வெளியே முடி தெரிந்தால் அங்கே மஸ்ஹு செய்யலாம். ஷாஃபியில் சிறிதளவு போதும், ஹனஃபியில் கால்வாசித் தலை வேண்டும். கடமையான குளிப்புக்கு மட்டும் சட்டம் மத்ஹபுக்கு மத்ஹப் மாறும். அப்படி யாராவது வீட்டில் இருந்தால், தொழுகை முடிந்ததும் தனியாக வந்து கேளுங்கள்.