மாலை ஐந்தரைக்குத் தண்ணீர்

"மாசம் ஆயிரம் ரூவா வாங்குறியே, அப்புறம் அது எப்படித் தொண்டாகும்?" கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மாமா கேட்டார். கேட்ட விதத்தில் கொஞ்சம் குத்தல் இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. எதைத் தொண்டு என்கிறோம், அது எந்த இடத்தில் தொடங்கி எந்த இடம்வரை போகலாம் என்பதையெல்லாம் யோசிக்க வைத்த கேள்வி.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டபோது, நான் பட்டப்படிப்பு முடித்துவிட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊரில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வகுப்பு. ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுக்கக் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் இந்த வேலைக்கு வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

மாமாவுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். கைக்காசு எதுவும் வராமல் தினமும் மாலை நேரத்தைக் கொடுக்க எல்லோராலும் முடியாது. வீட்டில் வேறொருவர் சம்பாதிக்க வேண்டும், அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தானியம் தூற்றி, ஆடு பிடித்துக் கட்டும் வீட்டுப் பெண்ணுக்கு மாலை ஐந்து மணி அவளுடைய நேரமே இல்லை. அந்த ஆயிரம் ரூபாய்தான் அவளுடைய மாலையை அவளுக்கு மீட்டுக் கொடுத்தது. எங்கள் அப்பத்தா பக்கத்து வீட்டில் "பேத்தி வேலைக்குப் போறா" என்று சொல்ல முடிந்ததும் அதனால்தான். பணம் வாங்காமல் செய்தால்தான் தொண்டு என்றால், அது ஓரளவு வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே உரிய குணமாகிவிடும். அதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் அதே ஆயிரத்தைக் காட்டி, ஆசிரியர் இல்லாத பள்ளிக்குத் தன்னார்வலர் போதும் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்கமாட்டேன். ஆயிரம் ரூபாய் ஒருவருடைய உழைப்புக்கான கூலி அல்ல. பயிற்சி பெற்ற ஆசிரியரின் இடத்தில் என்னை வைப்பது எனக்கும் அநியாயம், பிள்ளைகளுக்கும் அநியாயம்.

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. என் முன்னால் வந்து உட்கார்ந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதுவரை வகுப்பறைக்குள் உட்கார்ந்ததே இல்லை. கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வரும் பையனுக்கு, ஐம்பதில் முப்பத்திரண்டு போனால் எவ்வளவு என்று நோட்டில் போடத் தெரியவில்லை. கணக்கு அவனுக்குள் இருந்தது, அதை எழுதும் வழிதான் அறுந்து போயிருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, சேர்த்து வாசி என்றால் என் முகத்தைப் பார்த்தார்கள். பொறுமையாக உட்கார்ந்தால் போதும், இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது. ஒரு பிள்ளை முதன்முதலாக ஒரு வரியைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு, தான் வாசித்ததை நம்பாமல் மறுபடி வாசித்துப் பார்க்கும் நேரத்துக்கு ஈடாக எதையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

தமிழகக் கிராமங்களில் அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் ஆய்வு செய்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் பிள்ளைகள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் தன்னார்வலராக நான் கற்றுக்கொண்டது, வகுப்புக்கு வந்த பிள்ளைகளைவிட வராத பிள்ளைகளிடமிருந்துதான் அதிகம்.

வகுப்பை எங்கே வைப்பது என்பது எங்கள் ஊரில் சாதாரணக் கேள்வி அல்ல. கோயில் மண்டபத்தில் நல்ல வெளிச்சம், மின்விசிறிகூட உண்டு. அங்கே வைத்தால் காலனிப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அங்கன்வாடி வாசலில் வைக்கலாம் என்றேன். சத்துமாவு வாங்க எல்லாத் தெருப் பெண்களும் வந்து போகும் இடம் அது ஒன்றுதான். எங்கள் தெருவில் சிலர் கொஞ்ச நாள் பிள்ளைகளை அனுப்பவில்லை. பிறகு அவர்களும் வந்தார்கள். ஒரே பாயில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பாயிலிருந்து காலனிப் பெண் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு, திடீரென்று காணாமல் போனாள். அவள் கெட்டிக்காரி. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அவள் அம்மா சொன்னது: "தண்ணி அஞ்சரைக்குத்தான வருது. நான் நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து மாட்டுக்குப் பாக்கணும். கொடம் யாரு புடிக்கிறது?" அவள் மட்டும் அல்ல, அந்தத் தெருவின் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். பையன்கள் யாரும் குறையவில்லை.

டேங்கில் காலையில் தண்ணீர் ஏற்றி, வால்வைத் தெருத்தெருவாகத் திறந்து விடுவார்கள். எங்கள் தெருவுக்கு முதலில், காலை ஆறு மணிக்கே. குழாயின் கடைசியில் இருக்கும் காலனிக்கு மாலையில். எத்தனையோ வருடங்களாக அப்படித்தான். யாரும் திட்டமிட்டுச் செய்த கொடுமை என்று அதைச் சொல்லமாட்டேன். யாரும் மாற்ற வேண்டும் என்று நினைக்காத பழக்கம். நான் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் அந்த வால்வு திரும்பும் நேரத்தை என் பாடம் மாற்றாது. என் வகுப்பிலுள்ள குறை வகுப்புக்கு வெளியே இருந்தது. அதைத் தேடிப் போகாமல் நின்றுவிட்டால், வரமுடிந்த பிள்ளைகளுக்கு மட்டுமே நான் ஆசிரியை.

அக்டோபர் 2 கிராம சபையில் பேசினேன். பதினெட்டு வயது முடிந்த வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வரவேண்டும் என்பது விதி. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களே வழக்கமாக அதிகம். அன்று என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நின்றார்கள். தண்ணீரை வாரத்துக்கு வாரம் சுழற்சியில் விடவேண்டும், ஒரு வாரம் காலனிக்குக் காலையில், மறுவாரம் எங்கள் தெருவுக்குக் காலையில் என்று கேட்டேன். அதுவரை என்னைப் பார்த்தால் சிரித்த முகங்கள் சட்டென்று மாறின. "பாடம் சொல்லிக்குடுக்குற புள்ள பாடத்தோட நின்னுக்கலாம்ல?" என்று ஒருவர் கேட்டார். என் சின்னம்மாவே வீட்டுக்கு வந்து, "நம்ம தெருத் தண்ணியவா தூக்கிக் குடுக்குற?" என்று சண்டை போட்டார்.

பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தபோது என்னைப் பாராட்டியவர்கள், அதே பிள்ளைக்காக நேரம் கேட்டபோது ஏன் கோபப்பட்டார்கள்? எழுத்து சொல்லிக்கொடுப்பதால் யாரும் எதையும் இழப்பதில்லை. தண்ணீர் நேரம் கேட்டால் யாரோ ஒருவர் ஒரு காலை நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். என் சின்னம்மாவின் கோபம் எனக்குப் புரிந்தது, அவருக்கும் வேலை அதிகம்தான். ஆனாலும் யாருக்கும் எதுவும் குறையாத உதவிகளை மட்டும் செய்துகொண்டிருந்தால் ஊர் இருந்தபடியேதான் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

எங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் புதிதல்ல. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தபோது அவருக்கு இருபது வயதுதான். லாந்தர் வெளிச்சத்தில் எழுத்து படித்த கூட்டத்தில் அவரும் ஒருவர். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அந்த இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே, சேலையோடு. ஊரில் கேலி பேசாத வாய் இல்லை. கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில்தான். கையெழுத்துப் போடக் கற்ற பெண், யாரிடமும் கேட்காமல் பக்கத்து ஊருக்குப் போய்வரத் தொடங்கினாள், கூலியைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். அறிவொளியின் தொண்டர்கள் எழுத்தோடு நின்றிருந்தால் அவர்களுக்கு நல்ல பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும். கிராம சபை முடிந்து வந்த அன்று அம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை. "சின்னம்மாட்ட நான் பேசிக்கிறேன், நீ கிளாசுக்குப் போ" என்றார்.

ஆனாலும் நான் கேட்ட தண்ணீர்ச் சுழற்சி வந்தது. எங்கள் தெருவுக்கு மாலைத் தண்ணீர் வந்த முதல் வாரத்திலேயே, காலனிக்குத் தனியாக ஒரு மினி டேங்க் போட்டால் எல்லோருக்கும் காலையிலேயே தண்ணீர் கிடைக்குமே என்று எங்கள் தெரு ஆட்களே பேச ஆரம்பித்தார்கள். எத்தனையோ வருடங்களாக யாருக்கும் தோன்றாத யோசனை. அடுத்த கிராம சபையில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இவ்வளவு எளிதான தீர்வு இத்தனை நாள் ஏன் கண்ணில் படவில்லை என்பதை நினைத்து நான் வருத்தப்பட்டேன், இன்னும் வருத்தம் தீரவில்லை. அந்தப் பெண் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள்.

மினி டேங்க் மட்டும் இன்னும் தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்துவிட்டார்கள். நேரில் பிடித்துக் கேட்க நாம் ஓட்டுப் போட்ட தலைவர் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதியிருக்கிறோம், முப்பது நாளில் பதில் வரவேண்டும். மனுவை எழுதியது நான். கையெழுத்துப் போட்டது அந்தப் பெண்ணின் அம்மா. அடுத்த கிராம சபையில் தானே எழுந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார், நான் பக்கத்தில் நிற்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.