குளிசையும் மனச்சாட்சியும்



வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை "ஏன்?" என்று கேட்பது குற்றமா? சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் முதிய தாய் ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார். அவருக்கு 12 ஆண்டுகளாகச் சலரோகம். மெற்போமினாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் சீனியை ஒழுங்காகவே வைத்திருக்கிறார். இப்போது கிளினிக்கில் கொலஸ்ரோலுக்கென்று இன்னொரு குளிசையைச் சேர்த்திருக்கிறார்கள். "எனக்குக் கொலஸ்ரோல் இல்லையே, சுவாமி. போடாமல் விட்டால் பாவமோ?" என்றார்.

உடனே மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எனக்கும் 42 வயதிற் சலரோகம் கண்டது. சென்ற ஆண்டு அதே குளிசையை, அற்றோவாஸ்ரற்றின் 10 மில்லிகிராம், எனக்கும் எழுதினார்கள். வாங்கில் எனக்குப் பின்னால் அத்தனை பேர் காத்திருக்க, எதற்கு என்று கேட்க வெட்கமாயிருந்தது. "சரி டொக்டர்" என்று வாங்கி வந்து மேசை லாச்சியில் வைத்துவிட்டேன். மூன்று மாதங் கழித்து இரத்தச் சோதனைத் துண்டைப் பார்த்த வைத்தியர், "ஒழுங்காகப் போடுகிறீர்களா, சுவாமி?" என்றார். "ஓம்" என்றேன். அவர் பத்தை இருபதாக்கினார்.

எட்டாங் கற்பனையைப் பற்றிப் பிரசங்கம் வைப்பவன் சொன்ன பொய் அது. அந்த மனிதர் தம் தொழிலை நேர்மையாகவே செய்தார். மருந்து போதவில்லை என்று நினைத்தார். மருந்தோ லாச்சிக்குள் இருந்தது. பிறஷர்க் குளிசையிலும் சீனிக் குளிசையிலும் இதுவே நடக்கிறது. ஒளித்து விட்ட குளிசை இன்னொரு குளிசையைக் கொண்டு வருகிறது. பிறகொருநாள் ஆஸ்பத்திரி வார்ட்டில் தாதி எல்லாவற்றையும் நேரத்துக்கு விழுங்கக் கொடுக்கும்போது, சீனி சடுதியாக இறங்கி மயங்கி விழுவோரும் உண்டு.

வெட்கம் தீர்ந்தபின் அந்தக் குளிசையைப் பற்றி வாசித்தேன். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் சலரோகமுள்ள 2838 பேரிடம் நடத்திய ஆய்வு 2004-ம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுக்கு முன்பு மாரடைப்பு வந்ததில்லை. கொலஸ்ரோலும் மிகையாக இல்லை. ஆனால் பிறஷரோ, புகைப்பழக்கமோ, கண்ணில் அல்லது சிறுநீரகத்திற் பாதிப்போ, ஏதாவதொன்று இருந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில், வெறுங்குளிசை உண்டவர்களுள் நூற்றுக்கு 9 பேருக்கும், மருந்து உண்டவர்களுள் நூற்றுக்கு 6 பேர் வரையிலும் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை வந்தன. ஆபத்து மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது என்று வைத்தியர் சொன்னால் அது உண்மை. நூறு பேர் விழுங்கி மூவரே தப்பினர் என்று நோயாளி சொன்னால் அதுவும் உண்மை. அந்த மூவருள் நான் ஒருவனா என்பதை எவராலும் சொல்ல முடியாது.

சலரோகமே இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. ஆகவேதான் கொலஸ்ரோல் கூடாதவருக்கும் இதை எழுதுகிறார்கள். அந்தத் தாய்க்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

1957-ம் ஆண்டு நவம்பரில் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையொன்றில் பாப்பரசர் 12-ம் பத்திநாதர், நோயாளியின்மீது வைத்தியருக்குத் தனியான உரிமை எதுவும் இல்லை, அவர் அனுமதிக்கும் அளவுக்கே செயற்படலாம் என்று விளக்கினார். உயிரையும் சுகத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கைக்கொள்ளும் கடமை நமக்கு உண்டென்பதையும் அதே உரையில் வற்புறுத்தினார். இந்த உடலுக்குப் பொறுப்பாளி நானென்றால், கேட்பதும் அந்தப் பொறுப்பிற் சேர்ந்ததுதான். குளிசை சாதாரண வழியா? விழுங்குவது சிரமமல்ல, கிளினிக்கில் இலவசமாகவும் கிடைக்கிறது. அந்த அளவில் ஆம் என்பேன். தசைநோவு வந்து படியேற முடியாதவருக்கும், எண்பதைத் தாண்டி ஏற்கெனவே ஏழெட்டுக் குளிசை விழுங்குபவருக்கும் அதே மறுமொழியை நான் சொல்லத் துணியேன். அவர்கள் வைத்தியரோடு இருந்து பேசி, வேண்டாமென்று சொன்னாலும் அதிற் பாவமில்லை. (பாவற்காய்ச் சாறு இருக்கிறதே என்று எல்லாவற்றையும் எறிந்துவிடுவோரை நான் இதிற் சேர்க்கவில்லை.) மறுப்பது வேறு, என்னைப்போல் "ஓம்" என்று சொல்லி ஒளிப்பது வேறு.

போன மாதம் கிளினிக் கொப்பியை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். வைத்தியர் கோபிப்பார் என்று நினைத்தேன். சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, இருபதை வெட்டிப் பத்து என எழுதினார். ஏன் இந்தக் குளிசை என்று அப்போதுதான் கேட்டேன். கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு குழாயைக் கீறி விளக்கினார். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. "தசை நொந்தால் அடுத்த கிளினிக் மட்டும் காத்திராமல் வாங்கோ" என்றார். இப்போது இரவில் போடுகிறேன்.

அந்தத் தாய்க்கு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: இது எதற்கு? போட்டால் எனக்கு எவ்வளவு நன்மை? போடாவிட்டால் என்ன? அவருக்குக் கண் மங்கல் என்பதால் பெரிய எழுத்தில் எழுதினேன். அவருடைய கிளினிக் வருகிற வியாழக்கிழமை.