படியேற்றமும் தகுதியும்

திருமலைக்கு ஏறும் பழைய நடைபாதை அலிபிரியில் தொடங்குகிறது. திருப்பதி நகரை ஒட்டிய இந்த அடிவாரத்திலிருந்து கோயில் வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3550 படிகள். தொடக்கத்தில் உள்ள பாதால மண்டபத்தில் பெருமாளின் பாதுகையைத் தலையில் தாங்கிச் சுற்றி வந்த பிறகே பலரும் முதற்படியில் கால் வைப்பார்கள். பாதாளம் என்று தமிழ்க் காதுக்குக் கேட்டாலும், தெலுங்கில் அது பாதங்களின் மண்டபம். இந்தப் பாதையில் நடந்து வருபவருக்குச் சந்நிதி வரிசையில் முன்னுரிமை தர வேண்டுமா, தந்தால் எதை அளந்து தருவது என்பது பார்வைக்கு நிர்வாகக் கேள்வி. அதற்கு அடியில் கிடப்பது வைணவம் பல நூற்றாண்டுகள் வாதித்த கேள்வி: இறைவனைக் காணும் தகுதியை மனிதன் தன் முயற்சியால் ஈட்டிக்கொள்ள முடியுமா?

1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும் வரை நடை ஒரு தகுதியாக எண்ணப்பட வழியே இல்லை. மேலே போக வேண்டுமானால் படியேறியாக வேண்டும். முடியாதவரும் வசதியுள்ளவரும் டோலியில் போனார்கள். பேருந்து வந்த பிறகுதான் நடப்பது அவரவர் விருப்பம் ஆயிற்று. விருப்பமானதும் அதற்கு நேர்த்திக்கடனின் கனம் கூடியது. பின்னாளில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடந்து வருவோருக்குத் ‘திவ்ய தரிசனம்’ என்ற இலவசத் தனி வரிசையை அமைத்தபோது, அந்த நேர்த்திக்கடன் கணக்கில் வரவு வைக்கத்தக்க உழைப்பாகவும் மாறியது.

கணக்கு என்று வந்துவிட்டால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். முன்பு நடந்து வந்த எல்லாருக்கும் கிடைத்த டோக்கனுக்கு 2017 ஜூலையில் நாளொன்றுக்கு 20,000 என்று உச்சவரம்பு வந்தது: அலிபிரி வழிக்கு 14,000, ஸ்ரீவாரி மெட்டு வழிக்கு 6,000. கொரோனாவால் 2020இல் நின்றுபோன திட்டம் 2023 ஏப்ரலில் திரும்பியபோது அந்த எண்கள் 10,000, 5,000 என்று சுருங்கின. சந்திரகிரிப் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு 2388 படிகள் கொண்ட குறுக்குவழி. அதற்கான டோக்கனை 2025இல் அலிபிரியின் பூதேவி வளாகத்துக்கு மாற்றினார்கள். வாங்கியவர் உண்மையில் நடந்தாரா என்று 1200ஆவது படியருகே ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். உச்சவரம்பு வந்த அன்றே விதியின் இயல்பு மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 10,001ஆவதாக வருபவர் ஏறுவதும் அதே 3550 படிகள்தான். அதுவரை ‘நடந்தாரா’ என்று கேட்ட விதி, அதன்பின் ‘எத்தனை மணிக்கு வந்தார்’ என்று கேட்கத் தொடங்கியது.

மற்ற வரிசைகள் வேறு அளவுகோல்களைக் கொண்டவை. இலவசப் பொது வரிசையான சர்வதரிசனம் காத்திருப்பை அளக்கிறது. நேரம் குறித்த டோக்கன்கள் வந்தபின் அந்தக் காத்திருப்பில் ஒரு பகுதி கவுண்டருக்கு இடம் மாறியது. 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு தரிசனமும், ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை தருவோருக்கான பிரேக் தரிசனமும் பணத்தை அளக்கின்றன. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையுடன் வரும் பெற்றோர் ஆகியோருக்கான வழி தேவையை அளக்கிறது. பதவியை அளந்த வி.ஐ.பி. பிரேக் தரிசனத்தில் எல்1, எல்2, எல்3 என்று மூன்று படித்தரங்களே இருந்தன. 2019 ஜூலையில் அந்தப் பெயர்கள் நீக்கப்பட்டன. பெயர்கள் போயினவே தவிர, பரிந்துரைக் கடிதம் போகவில்லை. கோயில்களில் வி.ஐ.பி. தரிசனத்தை எதிர்த்த பொதுநல மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2025 ஜனவரி 31 அன்று அமர்வு அதை ஏற்க மறுத்தது. இத்தகைய தனிச்சலுகை கூடாது என்பது தன் கருத்தானாலும் அதற்கு ஆணையிட முடியாது என்றது.

அளவுகோலை மாற்றினால் முதலில் நிற்பவர் மாறிவிடுவார் என்பது விளையாட்டு உலகம் நன்கறிந்த செய்தி. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஓர் அணியின் ஆறு சிறந்த மதிப்பெண்களை எடுப்பார்கள். அவற்றில் மூன்று மதிப்பெண்களாவது வெளியூர்ப் போட்டிகளில் பெற்றவையாக இருக்க வேண்டும். ஆறில் உச்சமானதை நீக்கிவிட்டு மீதி ஐந்தின் சராசரியைத் தகுதி மதிப்பெண் ஆக்குவார்கள். சொந்த ஊர் நடுவர்களின் தாராளத்தையும் ஒருநாள் அதிர்ஷ்டத்தையும் வடிகட்டும் ஏற்பாடு இது. விதியைச் சற்றே திருத்தினாலும், ஒருவரும் புதிதாய் ஒரு தாவல் தாவாமலே பட்டியல் கலைந்துவிடும். ஆனால் விளையாட்டில் அளக்கப்படுவது திறமை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கோயில் வரிசையில் அளக்கப்படும் பொருள் எது என்பதிலேயே உடன்பாடு கிடையாது.

வேதாந்த நூல்களில் ‘அதிகாரி’ என்றால் ஒன்றைப் பெறத் தகுதியுடையவர். ஆதிசங்கரர் பிரம்ம விசாரத்துக்கு நான்கு சாதனங்களைத் தகுதியாக வைத்தார். இராமானுஜர் கர்மப் பகுதியைக் கற்றறிந்த பிறகே அந்த விசாரம் என்றார். அதே சொல் இன்று தமிழில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரைக் குறிக்கிறது. திருமலையில் தரிசனத்துக்கு யார் அதிகாரி என்று கேட்டால் இரண்டு பொருளிலும் விடை சொல்லலாம். சரணாகதி நெறி இந்தத் தகுதிப் பட்டியலைக் கவிழ்த்துப் போட்டது. அதன்படி சரணடைய எல்லாரும் உரியவர். வேண்டிய தகுதி, தன்னிடம் கைம்முதல் ஏதுமில்லை என்பதும் வேறு புகலிடம் இல்லை என்பதும்தான். இல்லாமையே தகுதி என்றாகிவிட்டால் அதை எந்தக் கவுண்டரில் சரிபார்ப்பது?

இங்கிருந்துதான் வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் பிரிகின்றன. வடகலைக்கு உவமை குரங்குக்குட்டி: அது தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. தென்கலைக்கு உவமை பூனைக்குட்டி: அதைத் தாயே கவ்விச் செல்கிறது. வடகலையின் வேதாந்த தேசிகர் வழியில், இறைவனின் கருணைக்கு மனிதன் பக்கமிருந்து ஒரு ‘வியாஜம்’, அதாவது ஒரு சாக்கு, வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரைக் காத்து இன்னொருவரை விட்டதற்காக இறைவன் மீது பட்சபாதக் குற்றம் ஏறும். தென்கலையின் பிள்ளை லோகாசாரியர் வழியில், சரணடையும் செயலைக்கூட உபாயமாக எண்ணக்கூடாது, உபாயம் அவனே. அலிபிரிப் படிகளை இந்த இரு கண்களாலும் பார்க்கலாம். தேசிகர் வழிநிற்பவருக்கு ஏற்றம் ஒரு நல்ல சாக்கு. ஆனால் அவரும் அதை விலை என்று சொல்ல மாட்டார். சாக்குக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அவருக்கு உயிர்நிலை. நடைக்கு ஈடாக டோக்கன் தரும் ஏற்பாடு, நிர்வாக நியாயம் எவ்வளவு இருந்தாலும், அந்த இடைவெளியைத்தான் முதலில் மறைக்கிறது.

மலையைச் சுற்றி வழங்கும் கதைகள் பலவும் தரவரிசையைத் தலைகீழாக்கும் கதைகளாகவே இருக்கின்றன. தொண்டைமான் சக்கரவர்த்தி பொன்மலர் சாத்த, அவற்றை விலக்கிக் குரும்பறுத்த நம்பி என்ற குயவரின் மண்மலர்கள் பெருமாளின் திருவடியில் கிடந்தனவாம். குலசேகராழ்வார் சேர நாட்டு அரசர். எந்த நெறிமுறைப் பட்டியலிலும் முதலில் வைக்க வேண்டியவர். அவர் வேண்டியது சந்நிதி வாசலில் எல்லாரும் மிதிக்கும் படியாகக் கிடப்பதை. கருவறை முன்வாசற்படிக்குக் குலசேகரப்படி என்று பெயர் வந்தது அதனால்தான். இவற்றிலும் நுட்பமானது பெரிய திருமலை நம்பியின் கதை. இராமானுஜர் மலையேறி வந்தபோது முதியவரான நம்பியே பிரசாதத்தோடு எதிர்கொள்ள வந்தார். யாராவது சிறியவரை அனுப்பியிருக்கலாமே என்று இராமானுஜர் கூச, ஊரெங்கும் தேடினேன், என்னைவிடச் சிறியவர் ஒருவரும் அகப்படவில்லை என்றாராம் நம்பி. இராமானுஜருக்கு அவர் தாய்மாமன். அடிவாரத்தில் இராமாயணம் கற்பித்த ஆசாரியரும் அவரே. மலையின் புனிதம் கருதி இராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்று சொல்லப்படும் செங்குத்தான பகுதி அலிபிரி வழியில் இன்றும் மோகாள்ள மெட்டு எனப்படுகிறது.

எதையும் அளக்காத முறை ஒன்று உண்டு: குலுக்கல். தமிழகத்துக்கு அது புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நிலம், வீடு, வயது, கல்வி என்று தகுதிகளை வரையறுத்து, ஊர்ச்சபை வாரியங்களுக்குத் தகுதியுள்ளோர் பெயர்களைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் சொல்கின்றன. திருமலையில் சுப்ரபாதம் போன்ற சேவைகளுக்கு மின்னணுக் குலுக்கல் ஏற்கெனவே இருந்தது. வைகுண்ட ஏகாதசியையொட்டிய வைகுண்ட துவார தரிசனத்துக்கு அது வந்த காரணம் துயரமானது. 2025 ஜனவரி 8 அன்று டோக்கனுக்காகத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 6 பேர் இறந்தனர். முந்தி வருபவருக்கே முன்னுரிமை என்ற விதி, முந்துவதையே தகுதியாக்கி உயிரைப் பறித்தது. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய பத்து நாள் தரிசனத்தில் முதல் மூன்று நாளுக்கான டோக்கன்களைக் குலுக்கலில் ஒதுக்கினார்கள்.

காரணமின்றி வரும் கருணை என்ற தென்கலைக் கருத்துக்குக் குலுக்கல் நெருங்கியது போலத் தோன்றும். ஒப்புமை பாதி தூரம்தான் போகும். குலுக்கலுக்கு முகம் தெரியாது. எல்லாப் பெயரும் அதற்கு ஒன்று. தென்கலை ஆசாரியர்கள் சொல்லும் கருணையோ முகம் பார்க்கும், அதுவும் குறையுள்ள முகத்தை. ஈன்ற கன்றின் அழுக்கைப் பசு நக்குவதை அவர்கள் அதற்கு உவமையாக்கினார்கள். குலுக்கல் நியாயத்தின் பக்கம் நிற்பது. கருணையை அது நடித்துக் காட்ட முடியாது.

டோக்கனுக்குத் தொடர்பில்லாமலும் அலிபிரியில் ஏறுகிறார்கள். 300 ரூபாய் டிக்கெட் கையில் இருந்தும், வேண்டிக்கொண்டதற்காக நடப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டி ஏறும் பெண்கள் உண்டு. 3550 படிகளுக்கும் குனிந்து நிமிர்ந்து அவர்கள் மேலே போய்ச் சேர்வதற்குள், காலையில் டோக்கன் வாங்கி விரைந்து ஏறியவர்கள் தரிசனம் முடித்து லட்டுடன் பேருந்தில் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.