வாடகைக் கூடாரம்

கூடாரத்தின் ஜிப்பை உள்ளிருந்து இழுத்து மூடிவிட்டு என் மகள் சொன்னாள்: "அம்மா, இப்ப இது நம்ம வீடு. கேக்காம யாரும் உள்ள வரக்கூடாது." அவளுக்கு ஒன்பது வயது. ஆறு வயதுத் தம்பி உடனே வெளியே ஓடிப்போய்த் துணியைத் தட்டினான். துணியைத் தட்டினால் சத்தம் வராது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான் போல. வாயாலேயே "டொக் டொக்" என்று சொல்லிவிட்டுக் காத்து நின்றான்.

கோவளத்துக்குப் பக்கத்தில், ஈசிஆரை ஒட்டி, ஒரு பொழுதுபோக்குப் பூங்காவைச் சேர்ந்த கூடாரத் திடல் அது. பகலெல்லாம் ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும். இருட்டியபிறகு வரிசையாகக் கூடாரங்கள், சீரியல் விளக்கு, விறகு மூட்டிய நெருப்பு, கம்பியில் குத்திச் சுட்ட சிக்கன். ஒவ்வொரு கூடாரத்துக்கும் செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட். உலகத்துக்கு இது புதிதல்ல. ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபரில் திறந்தது. அதற்குள்ளேயே கூடாரமடித்துத் தங்குவதற்கான ஃபோர்ட் வில்டர்னெஸ் என்ற இடம் அடுத்த மாதமே திறந்துவிட்டது.

பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனதற்கு ஒரு காரணம் இருந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் சேலையூர் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. எங்களுக்குக் கரண்ட் மட்டும்தான் இல்லை. அதற்கே என் மகள் அழுதாள். "ஃபேன் இல்லாம எப்படிம்மா தூங்குறது?" இவளுக்குக் கொஞ்சம் கஷ்டம்னா என்னன்னு தெரியணும் என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்புதான் ஓராண்டு கழித்து, நாலு பேருக்கு ஓர் இரவு என்ற முன்பதிவு ரசீதாக என் போனில் வந்து நின்றது. கட்டிய தொகை எங்கள் ஒரு மாத மளிகைச் செலவில் பாதி இருக்கும். மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த கஷ்டத்தின் விலை அது.

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வீட்டுக்காரரும் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் உள்ளே ஒரே புழுக்கம். வெளியே வந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் காவல்காரர் உட்கார்ந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது, கோவளம் குப்பத்துக்காரர்.

"தூக்கம் வரலையாம்மா?"

"புழுக்கமா இருக்குண்ணா."

"டென்ட்டு அப்படித்தான். எங்களுக்கு டென்ட்டுன்னா சுனாமிதாம்மா. மொதல்ல துணி டென்ட்டு, அப்புறம் தார் ஷீட்டு. மத்தியானத்துல உள்ள உக்கார முடியாது. கொழந்தைங்கள தூக்கிக்கினு மரத்தடிக்குப் போயிருவோம்."

குறை சொல்லும் குரலில்லை. நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் செத்துப்போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் நம் பக்கத்தில் சாவு குறைவு. ஆனால் வீடும் படகும் வலையும் போனவர்கள் கரை நெடுகிலும் இருந்தார்கள். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், பிறகு தற்காலிகக் குடியிருப்பு என்று மாறி மாறி வாழ்ந்தார்கள். கறுப்புத் தார் ஷீட்டில் கட்டிய அந்தக் கொட்டகைகளின் வெக்கை அந்த வருடம் செய்தித்தாள் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்கள் வேறு வழியின்றி வாழ்ந்ததை நாங்கள் காசு கட்டி விளையாடிக்கொண்டிருக்கிறோம். இது சரியா? அன்றிரவு என்னைப் பிடித்துக்கொண்ட இந்தக் கேள்வி லேசில் விடவில்லை.

பிறகு யோசித்தபோது தெரிந்தது, கூடாரத்தில் இந்த இரட்டை வாழ்க்கை பழையது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது சொச்சம் சிறுவர்களைக் கூடாரத்தில் தங்கவைத்தார். சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. பெரிய பள்ளிகளில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் அவர் ஒரே குழுவில் கலந்துவிட்டார். நல்ல காரியம்தான். அவர் பெயர் பெற்றது தென்னாப்பிரிக்காவின் போயர் போரில். அதே போரில், 1900க்கும் 1902க்கும் இடையில், பிரிட்டிஷ் ராணுவம் போயர் பெண்களையும் குழந்தைகளையும் கூடார முகாம்களில் அடைத்துவைத்தது. 1901 ஜனவரியில் எமிலி ஹாப்ஹவுஸ் என்ற பெண்மணி அங்கே போய்ப் பார்த்து அறிக்கை எழுதியபிறகே இங்கிலாந்துக்காரர்களுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. தட்டம்மையிலும் பசியிலும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கறுப்பின மக்களை அடைத்த முகாம்களின் சாவுகள் தனிக் கணக்கு. நடுவில் ஐந்தாறு வருடம்தான். அதே பேரரசு, அதே மணி வடிவ ராணுவக் கூடாரம். ஓரிடத்தில் அது பிள்ளைகளை ஆளாக்கும் பயிற்சி. இன்னோரிடத்தில் அதுவே பிள்ளைகளின் சாவு.

நம் பேச்சிலும் இந்தப் பிளவு உண்டு. "பையனை சம்மர் கேம்ப்ல போட்டிருக்கேன்" என்கிறோம். "முகாமில் பிறந்தவர்" என்றால் யாரைச் சொல்கிறோம் என்று விளக்க வேண்டியதில்லை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் மண்டபத்திலும் மற்ற இடங்களிலும் முகாம்களில் தங்கினார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். 2021இல் அரசு அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அப்போதும் 'முகாம்' என்ற சொல் போகவில்லை. கேம்ப் என்றால் திரும்பி வருகிற தேதி தெரியும். முகாம் என்றால் தெரியாது.

அப்படியானால் என் பிள்ளைகள் செய்தது ஏழ்மையைக் கேலி செய்கிற விளையாட்டா? பல நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

மகள் கூடாரத்துக்குள் என்ன செய்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். இது சமையலறை, இது படுக்கையறை என்று பிரித்தாள். செருப்பு வைக்க ஓர் இடம் ஒதுக்கினாள். தம்பியைக் கதவு தட்டவைத்தாள். அதாவது வீடு கட்டி விளையாடினாள். நம் பிள்ளைகள் மிகப் பழங்காலத்திலிருந்தே விளையாடிவரும் விளையாட்டு அது. கடற்கரை மணலில் சிறுமிகள் கட்டும் சிற்றில் சங்கப் பாட்டில் வருகிறது. 'சிற்றிலைச் சிதைக்காதே' என்று கண்ணனிடம் முறையிட ஆண்டாள் ஒரு பத்தே பாடியிருக்கிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு தனிப் பருவம். குழந்தைகள் எப்போதும் மேல்நோக்கித்தான் விளையாடுகிறார்கள். அம்மா, டீச்சர், டிரைவர் என்று தங்களிடம் இல்லாத ஒன்றாக ஆகிப் பார்க்கிறார்கள். இருப்பதை இல்லாததுபோல் வைத்துக்கொண்டு கீழ்நோக்கி விளையாடுவது பெரியவர்கள் மட்டும்தான். கஷ்டப்படும் விளையாட்டை அன்றிரவு விளையாடியது என் மகள் இல்லை, நான்.

என் தப்பு எங்கே என்று அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. கஷ்டம் பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்தேன். தார் ஷீட் கொட்டகையின் மத்தியான வெயிலில் அழுத குழந்தைகளைப் பார்த்து, "நல்ல பாடம் கிடைக்குது" என்று யாராவது சொல்லியிருப்பார்களா? அவர்கள் அழுததும் என் மகள் ஃபேன் இல்லாமல் அழுததும் ஒரே அழுகைதான். வெக்கையில் குழந்தை அழும், அவ்வளவுதான். அதில் ஒன்றைத் துயரம் என்றும் மற்றதைச் செல்லம் என்றும் பிரித்தது நான். துயரம் என்று பெயர் வைத்ததிலிருந்து கொஞ்சம் எடுத்து, செல்லம் என்று பெயர் வைத்ததற்கு மருந்தாகக் கொடுக்கப் பார்த்தேன். அடுத்தவர் பட்ட பாட்டை என் பிள்ளையின் குணத்துக்கு டானிக் ஆக்குவதுதான் அசிங்கம். கூடாரத்தில் படுப்பதில் ஒன்றுமில்லை.

காவல்காரரோடு பேச்சு அங்கே முடியவில்லை. என் முகம் மாறியதைப் பார்த்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் பேத்தி கேட்டுக்கினே கீது. 'தாத்தா, உங்க எடத்துல டென்ட்டு கீதாமே, என்னை ஒரு நாள் படுக்க வையி'ன்னு. அதெல்லாம் ஆவுற கதையாம்மா?"

என் வெட்கத்தை ஒரு நொடியில் அர்த்தமில்லாததாக ஆக்கிவிட்டார் மனுஷன். எதை விளையாட்டாக்கியதற்காக நான் குறுகிப்போனேனோ, அதே விளையாட்டுதான் அந்தப் பெண்ணுக்கும் வேண்டியிருக்கிறது. சுனாமி அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அவளுக்குக் கூடாரம் என்றால் சீரியல் லைட். இதில் என்ன தப்பு? தாத்தாவின் துக்கத்தை அவள் சுமந்தே ஆகவேண்டும் என்று சொல்ல நான் யார்?

அந்தப் பதிலோடு இன்னொரு காட்சியும் சேர்ந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தேன். கோவளத்திலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் இருக்கும். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் வருடாவருடம் அன்றைக்கு அங்கே கூடுகிறார்கள். நாலு கழி நட்டு, சேலையைச் சுற்றிக் கட்டினால் கூடாரம். கரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சேலை வீடுகள். பிள்ளைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறார்கள். எது யாருடையது என்ற கவலை யாருக்குமில்லை. விடியற்காலையில் மணலில் படி பிடித்து வைத்து, பூ வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். மொட்டை போடுவதும் காது குத்துவதும் பெண் பேசுவதும் கல்யாணமும் அங்கேயே நடக்கின்றன. குழந்தைகளோடு கூடாரத்தில் தங்குவது என்றால் இதைவிட நிறைவான ஒன்றை நான் பார்த்ததில்லை. யாரும் அங்கே எளிமையைப் பயில வரவில்லை. தாய் வீட்டுக்கு வருவதுபோல வருகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவர்கள், பட்டாவுக்காக மனு போட்டுக் காத்திருப்பவர்கள். அந்த ஓர் இரவு மட்டும் கரை அவர்களுடையது. மற்ற நாளில் அதே மணலில் அதே சேலையை அவர்கள் கட்டினால் யார் வந்து எழுப்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

துணி ஒன்றுதான். ரசீது இருந்தால் அதற்குப் பெயர் விடுமுறை. இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு. வானத்துக்கடியில் படுப்பது விலைக்கு வந்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, எல்லாமும்தான் விலைக்கு வந்துவிட்டது. ஆனால் விலைகொடுக்க முடிந்தவனின் கூடாரம் மட்டுமே விளையாட்டாகவும், முடியாதவனின் கூடாரம் எப்போதும் பிரச்சினையாகவும் பார்க்கப்படுகிறதே, அதுதான் உறுத்துகிறது. விளையாடுவது தப்பில்லை. யார் விளையாடலாம் என்பதை வாசலில் நிற்கிற ரசீது முடிவு செய்வதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பதுதான் தப்பு. அன்றிரவு நானும் அப்படித்தான் இருந்தேன். "பாவம்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, காவல்காரருக்குக் குட்நைட் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

காலையில் கேளம்பாக்கம் வழியாக வீடு திரும்பும்போது பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுனாமி, தார் ஷீட், அந்தத் தாத்தா, அவர் பேத்தி. பாடமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். மகள் ஒன்றும் பேசாமல் உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மகன்தான் கேட்டான்.

"அந்தப் பொண்ணு டென்ட்ல படுத்துச்சாம்மா?"

"இல்லடா."

"ஏன்?"

"அங்க படுக்கணும்னா நெறைய காசு கட்டணும். நம்மகிட்ட இருந்துது, கட்டினோம்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "நம்ம டென்ட்லதான் எடம் இருந்துச்சே."

நாலு பேருக்கான கூடாரம்தான். ஆனாலும் அவன் சொன்னது சரி. அவனும் அக்காவும் ஒரே மூலையில் சுருண்டு கிடந்தார்கள். இன்னொரு பிள்ளை தாராளமாகப் படுத்திருக்கலாம். அனுமதி கிடைத்திருக்குமோ என்னவோ. நான் கேட்டிருக்கலாம். அன்றிரவு முழுக்க விழித்திருந்து என்னென்னவோ யோசித்த எனக்கு அது மட்டும் தோன்றவேயில்லை.